விரட்டப்பட்டவன் திரும்பி வந்தால் வீடு யாருக்கு?



பெருமுக்கல் மலையை நீங்கள் அறிவீர்கள். திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குப் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அந்த மலைக்கோட்டைக்காக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும், பிரெஞ்சுக்காரரும், ஹைதர் அலியின் படையும் மோதிக்கொண்டார்கள். கோட்டையைப் பிடித்த தளபதிகளின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. படை வருகிறது என்று கேட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய குடியானவனின் பெயர் எங்கே இருக்கிறது? அவன் திரும்பி வந்தபோது அவனுடைய கொல்லையை வேறொருவன் உழுதுகொண்டிருந்தால், யாரிடம் போய் முறையிட்டான்? அதை எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை!

போர் என்றால் எல்லாக் காலத்திலும் இதுதான் நிலைமை. துப்பாக்கி ஓய்ந்த அன்றே செய்தியும் ஓய்ந்துவிடுகிறது. ஓடியவன் ஊர் திரும்பும் நாளில் இரண்டாவது சண்டை ஆரம்பமாகிறது. அது வேலிச் சண்டை, வரப்புச் சண்டை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும்.

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோது ஓர் இளைஞர் கேட்டார்: "ஹஜ்ரத், இலங்கைப் பிரச்சினைதான் 2009லேயே முடிஞ்சு போச்சே! அந்த முஸ்லிம்கள் இன்னும் எதுக்குக் காணி காணின்னு கத்துறாங்க?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு சமுதாயம்!

1990 அக்டோபர். இலங்கையின் வட மாகாணத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சாவகச்சேரி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என ஒவ்வோர் ஊராக உத்தரவு போனது. அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணம். சோனகத் தெரு மக்களை ஓரிடத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். நகை, பணம், வீட்டுச் சாமான், கடைச் சரக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் சில நூறு ரூபாயோடு வெளியேற வேண்டும் என்றார்கள். சோதனைச் சாவடியில் பெண்களின் காதில் கிடந்ததைக்கூடக் கழற்றினார்கள். இப்படித் துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர்! பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் ஒதுங்கினார்கள்.

அவர்கள் பேசியது நம் தமிழ். யாழ்ப்பாணத்தில் இரும்புக் கடையும், துணிக் கடையும், நகைக் கடையும் வைத்திருந்தவர்கள். மன்னாரில் வலை வீசியவர்கள். முசலியில் நெல் விதைத்தவர்கள். எந்தக் குற்றத்திற்காக இந்தத் தண்டனை? 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் புலிகளே அந்த வெளியேற்றம் தவறுதான் என்ற கருத்தில் பேசினார்கள். முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்று ரவூப் ஹக்கீமோடு உடன்பாடும் கண்டார்கள். தமிழ்த் தலைவர்களில் ஒருவரான எம்.ஏ. சுமந்திரன், நடந்தது இனச் சுத்திகரிப்பு என்று தம் மக்களிடமே வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொல்ல துணிச்சல் வேண்டும். அதை நாம் மதிக்க வேண்டும்.

சரி, தவறு என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. 2009 மே மாதம் போரும் முடிந்துவிட்டது. அப்படியென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? அங்கேதான் இருக்கிறது சிக்கல்!

திரும்பி வந்தவன் கண்டது என்ன?

நம்மூரில் பத்திரம், பட்டா என்கிறோம். அங்கே தனியார் நிலத்திற்கு 'உறுதி', அரசு நிலத்தில் குடியிருக்க 'அனுமதிப் பத்திரம்'. இரண்டு மணி நேரத்தில் துரத்தப்பட்டவன் உறுதியைத் தேடுவானா, பெற்ற தாயைத் தூக்குவானா? பலருடைய பத்திரங்கள் வீட்டோடு போயின. போரில் பல இடங்களில் அரசுப் பதிவேடுகளும் அழிந்தன.

திரும்பி வந்தவர்களின் காணிச் சிக்கல்களைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து வகை இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள். வகை தெரியாமல் பேசுகிறவர்களால்தான் பாதிக் குழப்பம்.

முதலாவது, வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார். அவரும் போரில் வீடிழந்த தமிழராக இருக்கலாம். ஆளில்லாத வீடு என்று புலிகள் அவரை அங்கே குடியமர்த்தியிருக்கலாம்.

இரண்டாவது, புத்தளத்துக் கொட்டகையில் பசியோடு இருந்தபோது, மகளின் திருமணத்திற்காகவோ மருந்துக்காகவோ வந்த விலைக்கு விற்றுவிட்ட நிலம். கையெழுத்து இருக்கிறது, மனம் இருந்ததா?

மூன்றாவது, இருபது ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்து காடாகிவிட்ட ஊர். வயலில் மரம் முளைத்துவிட்டது. வனத்துறை 'இது காடு' என்கிறது.

நான்காவது, படை முகாம். முசலியில் சிலாவத்துறையில் மக்கள் குடியிருந்த மண்ணில் கடற்படை முகாம் அமைந்தது. அதன் வேலிக்கு வெளியே நின்று சொந்த மண்ணைக் கேட்டு மக்கள் போராடினார்கள். அதே முசலியில் முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்களுக்கும் இதே கதிதான். 2007இல் வெளியேற்றப்பட்டு, ஊர் முழுவதும் கடற்படையின் கையில் போனது. சீருடைக்காரன் வேலி போடும்போது மதம் பார்ப்பதில்லை!

ஐந்தாவது, குடும்பப் பெருக்கம். 1990இல் ஒரு வீட்டிலிருந்து கிளம்பிய தாய் தந்தைக்கு இன்று நான்கைந்து குடும்பங்கள். அந்த ஒரு வீட்டுக்குள் எல்லோரும் எப்படி அடங்குவார்கள்? 'உன் பெயரில் காணி இல்லையே' என்கிறார் அதிகாரி. 'புத்தளத்தில்தான் உனக்குக் குடிசை இருக்கிறதே' என்கிறார் இன்னோர் அதிகாரி. அங்கேயும் அந்நியன், இங்கேயும் அந்நியன்!

உப்புக்குளம் சொல்லும் பாடம்

மன்னார் நகரில் உப்புக்குளம் என்றோர் ஊர். உப்பளக் கரையில் வாழும் நமக்குப் பெயரைக் கேட்டதுமே ஒரு நெருக்கம் வரும். அங்குள்ள முஸ்லிம் மீனவர்கள் கொந்தைப்பிட்டிக் கரையில் படகு கட்டி வந்தார்கள். 1990இல் அவர்கள் விரட்டப்பட்டார்கள். பின்னர் விடத்தல்தீவிலிருந்து போரால் இடம்பெயர்ந்த தமிழ் மீனவர்கள் அந்தக் கரையில் தொழில் செய்தார்கள். போர் முடிந்து உப்புக்குளத்தார் திரும்பி வந்து, 'எங்கள் துறையை விடுங்கள்' என்றார்கள். 'எங்களுக்கு வேறு துறை ஏது?' என்றார்கள் அவர்கள்.

நன்றாகக் கவனியுங்கள். இவர்களும் அகதி, அவர்களும் அகதி. இவர் கையிலும் வலை, அவர் கையிலும் வலை. வழக்கு நீதிமன்றம் போனது. 2012 ஜூலையில் ஆர்ப்பாட்டம் மூண்டு, மன்னார் நீதிமன்றக் கட்டடத்தின் மீதே கல் விழுந்தது. அதைக் கண்டித்து நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் பணியைப் புறக்கணித்தார்கள்.

நீதிமன்றத்தின் மீது கல்லெறிந்தது எவராயினும் அது மாபெரும் தவறு. 'நம்மவர்' என்பதற்காக அதை மூடி மறைக்க நான் தயாரில்லை. கேட்க நாதியற்றவனுக்கு மிச்சமிருப்பது நீதியின் வாசல் ஒன்றுதான். அந்த வாசலில் கல்லெறிந்தால் நாளை எங்கே போய் நிற்பான்?

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். இரண்டு ஏழைகளை ஒரே துறையில் மோதவிட்டு வேடிக்கை பார்த்தது யார்? போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியும், யார் எங்கே போவது, யாருக்கு மாற்று இடம் என்று தீர்த்து வைக்க வேண்டிய அரசு என்ன செய்துகொண்டிருந்தது?

வரைபடத்தில் விழுங்கப்பட்ட ஊர்கள்

மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி. முசலியின் தென்கோடியில், வில்பத்துக் காட்டுக்கு வடக்கே உள்ள ஊர்கள். மக்கள் இன்னும் முழுமையாகத் திரும்பி முடியாத 2012 அக்டோபரில், அந்தப் பகுதிகளை ஒதுக்குக் காடாக அறிவித்து அரசிதழ் வெளியானது. அங்கே அதை வர்த்தமானி என்பார்கள். 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மாவில்லு காப்புக் காட்டை அறிவித்துக் கையெழுத்திட்டார். 40,000 ஹெக்டேருக்கும் மேல்! கையெழுத்து விழுந்தது எங்கே தெரியுமா? அவர் பயணம் போயிருந்த மாஸ்கோவில்! 'எங்கள் வயலும் மையவாடியும் இதற்குள் இருக்கிறதே' என்று மக்கள் வீதியில் உட்கார்ந்தார்கள்.

'முஸ்லிம்கள் காட்டை அழிக்கிறார்கள்' என்று கொழும்பில் பெருங்கூச்சல் எழுந்தது. இதிலும் உண்மையைப் பேசுவோம். கல்லாறு பகுதியில் ஒதுக்குக் காட்டைச் சட்டவிரோதமாக வெட்டிக் குடியேற்றம் நடந்தது என்றும், முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் தம் சொந்தச் செலவில் அங்கே மரம் நட வேண்டும் என்றும் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. அவரும் 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவர்தான். ஆனாலும் நிலம் கொடுப்பது அமைச்சரின் தயவாக ஆகிவிட்டால் இதுதான் கதி. உண்மையான உரிமையுள்ளவனுடைய பத்து ஏக்கரும், உரிமை இல்லாமல் சேர்த்துக்கொண்டவனுடைய பத்து ஏக்கரும் ஒரே பழியில் போய்ச் சேரும்!

காடு வேண்டாம் என்று எவன் சொல்வான்? மரம் நடுவதைத் தர்மமாகக் கற்றுக் கொடுத்த மார்க்கம் நம்முடையது. நாம் கேட்பது ஒன்றுதான். கிணறும், பள்ளிவாசலும், மையத்துக் குழிகளும் உள்ள இடத்தின் மீது கோடு கிழிக்கும் முன், அதன் சொந்தக்காரனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கேட்கவில்லை என்பதற்கு அண்மைச் சாட்சியும் இருக்கிறது. 2025 மார்ச் 28ஆம் தேதி வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் குறித்து வர்த்தமானி வந்தது. உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்திற்குள் வந்து நிரூபிக்க வேண்டும். இல்லையேல் அது அரசு நிலம்! சொந்தக்காரன் புத்தளத்தில் இருக்கிறான். தமிழ்நாட்டு முகாமில் இருக்கிறான். கனடாவில் பனியில் இருக்கிறான். மூன்று மாதத்தில் எந்தப் பத்திரத்தோடு வருவான்? பெரும் எதிர்ப்பு எழுந்தது. உச்ச நீதிமன்றமும் அந்த ஜூன் மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது. அதற்காக நீதிமன்றம் போனவர் அதே சுமந்திரன். தமிழனுடைய நிலத்தைக் காக்கப் போட்ட வழக்கு, முஸ்லிமுடைய நிலத்தையும் காத்தது. இதிலிருந்து நம் இரு தரப்பாரும் ஒன்றும் படிக்கமாட்டார்களா?

பத்து ஆண்டு இருந்தால் சொந்தமா?

இலங்கைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருவன் இன்னொருவனுடைய நிலத்தைப் பத்து ஆண்டுகள் எதிர்ப்பின்றித் தன்னுடையதாக அனுபவித்தால் உரிமை கோரலாம். அமைதிக் காலத்துக்கு அது சரியாக இருக்கலாம். துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டவன் எப்படி வந்து எதிர்ப்புச் சொல்வான்? வாசலை அடைத்துவிட்டு, 'நீ ஏன் உள்ளே வரவில்லை?' என்று கேட்பதா நியாயம்?

இந்த அநியாயத்தை உணர்ந்துதான் 2016இல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. நல்ல சட்டம், பாராட்டுவோம். ஆனால் வழக்குப் போட இரண்டே ஆண்டு அவகாசம்! இருபத்தாறு ஆண்டுப் போருக்கு இரண்டு ஆண்டு மருந்து! கூலி வேலை செய்கிற விதவை வழக்கறிஞரைப் பிடித்து, பத்திர நகல் எடுத்து, நீதிமன்றம் ஏறுவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

சகோதரர்களே! உலக நீதிமன்றத்தில் காலவரம்பு உண்டு. அல்லாஹ்வின் நீதிமன்றத்தில் உண்டா? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்று அண்ணல் நபி (ஸல்) எச்சரித்தார்கள். வாதத் திறமையால் என்னிடமே தீர்ப்பு வாங்கிச் சென்றாலும், அது அடுத்தவனுடைய பொருளாக இருந்தால் நீ கொண்டுபோவது நெருப்புத் துண்டு என்றும் எச்சரித்தார்கள். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், பத்து ஆண்டுக் கணக்கு ஆக்கிவிடுமா?

'மன்னித்து விட்டுவிடலாமே' என்பவர்களுக்கு

சிலர் மார்க்கத்தின் பெயராலேயே வேறு மாதிரிப் பேசுகிறார்கள். 'மக்காவில் நபி (ஸல்) அவர்களின் வீடு போனது. வெற்றியோடு திரும்பியபோது அதைக் கேட்கவில்லையே! வட இலங்கை முஸ்லிம்களும் விட்டுக் கொடுத்துவிடலாமே' என்கிறார்கள்.

வரலாறு உண்மைதான். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்டபோது, தங்குவதற்கு அகீல் வீடு எதையும் மிச்சம் வைக்கவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார்கள், கூடாரத்தில் தங்கினார்கள். பத்தாயிரம் வீரர்கள் பின்னால் நிற்கும்போது தம் வீட்டை விட்டுக் கொடுத்த மாண்பு அது!

ஆனால் விட்டுக் கொடுத்தது யார்? வீட்டுக்கு உரியவர்! வெற்றியாளராக நின்று, தம் சொந்த உரிமையைத் தாமே விட்டார்கள். கொட்டகையில் கிடக்கும் விதவையின் உரிமையை, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து நீ விட்டுக் கொடுக்கிறாயே, உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அநாதையின் காணியைத் தானம் செய்து தியாகி பட்டம் வாங்குவதா?

'இதைப் பேசினால் ஈழத் தமிழர் பிரச்சினை பலவீனப்படும்' என்று இன்னும் சிலர், குறிப்பாக நம் தமிழ்நாட்டு மேடைகளில் முழங்குவோர் சொல்கிறார்கள். ஐயா, வலிகாமம் வடக்கில் தமிழனுடைய வீட்டை இராணுவம் பிடித்து வைத்திருந்தபோது, அது அநியாயம் என்று நாமும் சொன்னோம். அந்த வீட்டுக்கு ஒரு நியாயம், சோனகத் தெரு வீட்டுக்கு ஒரு நியாயமா? ஒரே தராசில் நிறுத்துகிறவனுடைய சொல்லுக்குத்தான் சந்தையில் மதிப்பு. வியாபாரிகளே, இது உங்களுக்குத் தெரியாததா?

'போனதெல்லாம் நமக்கே வேண்டும், இருக்கிறவனை இன்றே வீதியில் தள்ளு' என்று கொதிக்கும் நம் தரப்பு இளைஞர்களுக்கும் சொல்கிறேன். ஓர் அகதியை வெளியே தள்ளி இன்னோர் அகதியை உள்ளே வைப்பதற்குப் பெயர் நீதியல்ல. அடுத்த சண்டைக்கு விதை!

அப்படியானால் வழி என்ன?

வழி புதிதல்ல. போஸ்னியாவைப் பாருங்கள். 1992 முதல் 1995 வரை அங்கே முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டு விரட்டப்பட்டார்கள். அவர்களுடைய வீடுகளை 'கைவிடப்பட்ட சொத்து' என்று சட்டம் போட்டு மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். 1995 டேட்டன் உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு, அவரவர் வீடு அவரவருக்கே என்றது. காகிதத்தில் எழுதியதோடு நிற்கவில்லை. உரிமை கோருவோரின் மனுக்களை விசாரிக்கத் தனி ஆணையம் அமைத்தார்கள். போர்க்காலச் சொத்துச் சட்டங்களை ரத்து செய்தார்கள். குடியிருப்பவருக்கு வேறு வீடு இருந்தால் வெளியேற வேண்டும். இல்லையென்றால் தற்காலிகமாக மாற்று இடம். இழுத்தடித்த அதிகாரிகளைப் பதவியிலிருந்தே தூக்கினார்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் மனுக்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் சில ஆண்டுகளில் தீர்ந்தன. எல்லோரும் ஊர் திரும்பினார்கள் என்று சொல்லமாட்டேன். பலர் வீட்டைப் பெற்று விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் விற்கவும் இருக்கவும் முடிவு செய்தவன் சொந்தக்காரன்!

மறுபக்கம் பாலஸ்தீனம். 1948இல் விரட்டினார்கள். 1950இல் 'வராதவர் சொத்து' என்று சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். விரட்டியவனே வரவில்லை என்று எழுதிக்கொள்ளும் கொடுமை! அந்தப் புண் இன்றும் ஆறியதா? நிலக் கணக்கைத் தீர்க்காத நாடு எதையும் தீர்க்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இலங்கையிலும் வழி சொல்லப்படாமல் இல்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தேசியக் காணி ஆணைக்குழுவை அமைக்கச் சொன்னது. அரசே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தந்த அறிக்கையும் காணிப் பிரச்சினையைத் தீர்க்கவும், வடக்கு முஸ்லிம்கள் திரும்பவும் பரிந்துரைத்தது. அறிக்கைகளுக்கா பஞ்சம்? மனசுக்குத்தான் பஞ்சம்!

எனவே நாம் வைக்கும் கோரிக்கை இதுதான். காணி விசாரணைக்குத் தனி ஆணையம் வேண்டும். அதில் தமிழரும் முஸ்லிமும் சிங்களரும் இருக்க வேண்டும். அது கொழும்பில் உட்காராமல் முசலிக்கும் முல்லைத்தீவுக்கும் புத்தளத்துக்கும் போக வேண்டும். பத்திரம் இல்லாதவனிடம் கிணற்றையும், தென்னையையும், பள்ளிவாசல் பதிவேட்டையும், பக்கத்து வீட்டுத் தமிழரின் சாட்சியத்தையும் ஆதாரமாக ஏற்க வேண்டும். விரட்டப்பட்ட காலம் கணக்கில் சேராது என்ற சட்டத்துக்கு மீண்டும் கதவு திறக்க வேண்டும். குடியிருப்பவருக்கு மாற்று நிலம் கொடுத்த பிறகே வெளியேற்ற வேண்டும். நல்லெண்ணத்தில் அவர் செய்த செலவைத் தர வேண்டும். படை முகாம்கள் மக்கள் மண்ணை விட்டுப் போக வேண்டும். எந்தக் கட்சி அமைச்சரும் காணிப் பட்டியலைத் தொடக் கூடாது.

நமக்கென்ன வேலை?

இதற்கும் பெருமுக்கல் பக்கத்து மக்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகிறீர்களே, வழியில் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. எத்தனை பேர் உள்ளே போய் அவர்களிடம் நலம் விசாரித்திருக்கிறீர்கள்? தமிழ்நாட்டு முகாம்களில் மன்னாரிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஊர் திரும்பினால், புத்தளத்திலிருந்து திரும்பும் நம் சகோதரனுக்கு அவர்கள்தான் அண்டை வீட்டார். நாளை வேலியருகே நிற்கப் போகிற இருவரில் ஒருவர் இன்று நம் ஊர்க் கரையில் இருக்கிறார்! அவருடைய பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு, பத்திர நகலுக்கு, கடிதப் போக்குவரத்துக்குப் படித்த இளைஞர்கள் உதவுங்கள். 'உங்கள் காணியும் திரும்ப வேண்டும், புத்தளத்தில் இருப்பவர் காணியும் திரும்ப வேண்டும்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு முஸ்லிம் கொடுத்த உதவி அங்கே ஒரு முஸ்லிமுக்கு அண்டை வீட்டு அன்பாகப் போய்ச் சேரும், இன்ஷா அல்லாஹ்.

வணிகப் பெருமக்களே, கொழும்போடும் யாழ்ப்பாணத்தோடும் வியாபாரத் தொடர்பு வைத்திருப்போர் உங்களில் உண்டு. மலிவு விலையில் வடக்கில் நிலம் வருகிறது என்று எவனாவது சொன்னால், அது யாருடைய கண்ணீர் என்று விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, நம் பக்கத்து ஊரில் நடந்த ஒன்று. அண்ணன் தம்பி இருவர். தம்பி சவூதிக்குப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்தார். வந்து பார்த்தால் தம்பியின் மனைக்குள் அண்ணனின் வேலி. அதற்குள் கிணறும் வெட்டியிருந்தார். 'பதினாலு வருஷம் இதைக் காத்தவன் நான்தானே?' என்பது அண்ணனின் வாதம். ஜமாஅத்தில் என்னையும் உட்கார வைத்தார்கள். மூன்று இரவு பேசினோம். நிலம் தம்பிக்கு; கிணறு வெட்டிய செலவை அண்ணனுக்குத் தம்பி கொடுக்க வேண்டும் என்று முடிவானது. முகம் கடுத்துத்தான் எழுந்து போனார்கள். ஆனால் அடுத்த பெருநாளில் இருவரும் ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

ஒரு மனைக்கு மூன்று இரவு போதுமானதாக இருந்தது. காரணம், நிலம் யாருடையது என்பதை யாரும் பொய் சொல்லவில்லை. காத்தவனுடைய உழைப்பையும் யாரும் மறுக்கவில்லை. வட இலங்கைக்கும் இதே இரண்டு உண்மைகள்தான் தேவை. முப்பத்தைந்து ஆண்டுகளாகியும் அந்த மூன்று இரவு உட்கார ஆளில்லையே என்பதுதான் வேதனை!

உட்காரச் சொல்வோம். உரக்கச் சொல்வோம். அதற்கு முன், நம் வீட்டு வேலியை நாமே ஒருமுறை அளந்து பார்ப்போம். வெளியூரில் இருக்கும் சகோதரனுடைய மனையில், கட்டிக் கொடுத்த சகோதரியின் பங்கில், பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்த இடத்தில் நம் வேலி ஒரு சாண் உள்ளே போயிருந்தால், இன்றே பிடுங்கி நடுவோம். தன் வேலியை நேராக்கியவன்தான் கடலுக்கு அப்பால் உள்ள வேலியைப் பற்றிப் பேசும் தகுதி உள்ளவன்.

அநியாயம் செய்யாமலும், அநியாயத்திற்குத் துணை போகாமலும் வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.